கிணறு ரஷ்யாவிடம்... கயிறு யாரிடம்? இந்தியா வாங்கும் எண்ணெய்க்குப் பின்னால் நடக்கும் வல்லரசு அரசியல்

2025 டிசம்பர் 4, 5 தேதிகளில் டெல்லி வந்த ரஷ்ய அதிபர் விளாடிமிர் புடின், இந்தியாவுக்குத் தடையின்றி எரிபொருள் தரத் தயார் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அதே நேரத்தில் ரிலையன்ஸ் உட்பட பல இந்திய நிறுவனங்கள் ரஷ்ய எண்ணெயைக் குறைத்துக்கொண்டு இருந்தன.

விற்கிறவர் தயார். வாங்குகிறவருக்கும் தேவை இருக்கிறது. விலையும் மலிவாக இருந்தது. பிறகு நடுவில் தடுத்தது எது?

பல பேர் நினைப்பதுபோல ரஷ்ய எண்ணெயை யாரும் முழுசாகத் தடை செய்துவிடவில்லை. எண்ணெய் பூமியிலிருந்து வெளியே வந்த பிறகு அதை ஏற்றும் கப்பல், கப்பலுக்கான இன்சூரன்ஸ், பணம் மாறும் வங்கி, கணக்குப் போடும் கரன்சி என ஒரு நீண்ட கயிறு இருக்கிறது. அந்தக் கயிற்றின் பெரும்பகுதி மேற்கு நாடுகளின் கையில் இருக்கிறது. இன்றைய எண்ணெய் அரசியல் முக்கியமாக இந்தக் கயிற்றை வைத்துத்தான் நடக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

இந்தியா எப்போதிலிருந்து இவ்வளவு ரஷ்ய எண்ணெய் வாங்குது?

இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கும் முன்பு இதில் ரஷ்யாவின் பங்கு 2 சதவீதம்கூட இல்லை. இராக், சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம்தான் வழக்கமான கடைகள். பாரசீக வளைகுடாவிலிருந்து குஜராத்துக்குக் கப்பல் சில நாட்களில் வந்துவிடும். பால்டிக் கடலில் இருக்கும் ரஷ்யத் துறைமுகத்திலிருந்து வர வாரக்கணக்கில் ஆகும்.

போர் தொடங்கியதும் ஐரோப்பா ரஷ்ய எண்ணெயிலிருந்து விலக ஆரம்பித்தது. வாடிக்கையாளரை இழந்த ரஷ்யா, தள்ளுபடி கொடுத்து ஆசியா பக்கம் திரும்பியது. இந்திய ஆலைகள் வாங்கிக் குவித்தன. அடுத்த ஆண்டே இந்தியா இறக்குமதி செய்யும் எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ரஷ்ய எண்ணெய் என்றானது.

இது அமெரிக்காவுக்குத் தெரியாமல் நடந்ததா? இல்லை. அமெரிக்கா போட்ட திட்டமே அப்படித்தான்.

'விலை உச்சவரம்பு' என்றால் என்ன?

2022 டிசம்பர் 5 அன்று கடல் வழியாக வரும் ரஷ்யக் கச்சா எண்ணெய்க்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. அதே நாளில் ஜி7 நாடுகள் இன்னொரு விதியைக் கொண்டுவந்தன. ரஷ்ய எண்ணெயை மற்ற நாடுகள் வாங்கலாம். ஆனால் ஒரு பேரல், அதாவது 159 லிட்டர், 60 டாலருக்கு மேல் விற்கப்பட்டால் மேற்கத்திய கப்பல், இன்சூரன்ஸ், வங்கி எதுவும் அந்தச் சரக்குக்கு உதவக் கூடாது.

இன்சூரன்ஸுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ஒரு நடுத்தர எண்ணெய்க் கப்பல் சுமார் 10 லட்சம் பேரல் ஏற்றும். பேரல் 60 டாலர் என்று வைத்தாலும் சரக்கின் மதிப்பு 500 கோடி ரூபாயைத் தாண்டும். கப்பல் உடைந்து எண்ணெய் கடலில் கொட்டினால் வரும் நஷ்டஈடு அதைவிடப் பல மடங்கு. அதனால் இன்சூரன்ஸ் இல்லாத கப்பலைப் பெரிய துறைமுகங்கள் உள்ளே விடாது. உலகக் கடல் சரக்குக் கப்பல்களில் சுமார் 90 சதவீதத்துக்கு இந்தப் பாதுகாப்பைத் தருவது 12 'பி அண்ட் ஐ' கிளப்புகள் கொண்ட ஒரே கூட்டமைப்பு. இந்தத் தொழிலின் தலைநகர் லண்டன்.

சரி, மேற்கு நாடுகள் ஒரேயடியாகத் தடை போட்டிருக்கலாமே? போட்டால் அவர்களுக்கே சூடு வைக்கும். உலகம் ஒரு நாளைக்குச் சுமார் 10 கோடி பேரல் எண்ணெய் பயன்படுத்துகிறது. கச்சா எண்ணெயும் டீசல் போன்ற பொருட்களும் சேர்த்து ரஷ்யா சுமார் 70 லட்சம் பேரல் அனுப்புகிறது. அது திடீரென நின்றால் விலை எங்கே போகும்? 2022 மார்ச்சில் போர் பயத்திலேயே பிரென்ட் கச்சா எண்ணெய் ஒரு கட்டத்தில் 139 டாலரைத் தொட்டது. அமெரிக்காவில் பெட்ரோல் விலை ஏறினால் தேர்தலில் எதிரொலிக்கும்.

ஆக, எண்ணெய் வரணும், ஆனால் ரஷ்யாவுக்குக் காசு குறையணும். அந்த எண்ணெயை வாங்க யாராவது வேண்டும். அந்த 'யாராவது' தான் இந்தியா. உச்சவரம்பு விலையில் ரஷ்ய எண்ணெயை யாராவது வாங்க வேண்டும் என்று நாங்கள்தான் விரும்பினோம், அதனால்தான் இந்தியா வாங்கியது என்ற பொருளில், அப்போதைய அமெரிக்கத் தூதர் எரிக் கார்செட்டி 2024 மே மாதம் வெளிப்படையாகவே பேசினார்.

ரஷ்யா என்ன செய்தது?

மேற்கு நாடுகளின் கயிறு வேண்டாம் என்று சொந்தமாக ஒன்றைத் திரித்துக்கொண்டது. உடைக்கப் போகவேண்டிய பழைய டேங்கர்களை நூற்றுக்கணக்கில் சேர்த்தார்கள். யார் உரிமையாளர் என்றே தெரியாத கம்பெனிகள், காபோன், குக் தீவுகள் மாதிரி நாடுகளின் கொடி, நடுக்கடலில் கப்பலிலிருந்து கப்பலுக்கு எண்ணெய் மாற்றுவது, இருப்பிடம் காட்டும் கருவியை அணைத்துவிடுவது. இதைத்தான் 'நிழல் கப்பல்படை' என்கிறார்கள். விபத்து நடந்தால் நஷ்டஈடு யார் கொடுப்பார் என்பதற்குத் தெளிவான பதில் இல்லை.

பணத்திலும் சிக்கல்தான். ரூபாயில் வாங்கிப் பார்த்தார்கள். ஆனால் 2024-25ல் இந்தியா, ரஷ்யா இடையிலான வர்த்தகம் சுமார் 68.7 பில்லியன் டாலர். அதில் இந்தியா ரஷ்யாவுக்கு விற்றது 5 பில்லியன் டாலர் அளவுக்குக்கூட இல்லை. வாங்கிய ரூபாயை வைத்து ரஷ்யா இங்கே எதை வாங்கும்? இந்திய வங்கிகளில் கோடிக்கணக்கில் ரூபாய் கிடக்கிறது, பயன்படுத்த முடியவில்லை என்று 2023 மே மாதம் கோவாவில் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் செர்கெய் லாவ்ரோவ் சொன்னார். அதனால் திர்ஹம், யுவான் என்று வேறு கரன்சிகளும் புழக்கத்துக்கு வந்தன.

அப்புறம் இந்தியாவுக்கு ஏன் 50% வரி விதித்தார்கள்?

டொனால்ட் டிரம்ப் இரண்டாவது முறை அதிபரான பிறகு காட்சி மாறியது. உக்ரைன் போரைச் சீக்கிரம் முடித்துவைப்பேன் என்றவரால் புடினை வழிக்குக் கொண்டுவர முடியவில்லை. 2025 ஆகஸ்ட் 6 அன்று, ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி இந்தியப் பொருட்களுக்குக் கூடுதலாக 25 சதவீத வரி அறிவித்தார். ஏற்கெனவே போட்ட 25 சதவீதத்தோடு சேர்த்து ஆகஸ்ட் 27 முதல் 50 சதவீதம்.

எண்ணெய் இறங்குவது குஜராத்தில். அடி விழுந்தது திருப்பூரில். ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊரில், சுமார் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. இந்தியாவின் மொத்த ஏற்றுமதியில் அமெரிக்காவின் பங்கு 20 சதவீதம் என்றால், தமிழ்நாட்டுக்கு அது 31 சதவீதம் என்று ஆகஸ்டில் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் முதல்வர் ஸ்டாலின் குறிப்பிட்டார். ஒரு பேரல் ரஷ்ய எண்ணெய்கூடத் தொடாத தையல் தொழிலாளி, அதற்கான அபராதத்தைக் கட்டும் நிலை வந்தது.

சீனாவும் வாங்குதே, அதுக்கு ஏன் இல்லை?

ரஷ்யக் கச்சா எண்ணெயை உலகிலேயே அதிகம் வாங்குவது சீனா. ஆனால் 'ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கு' என்று ஒரு தனி வரி சீனா மீது விதிக்கப்படவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, அதே கதை.

காரணம் சீனாவிடமும் ஒரு கயிறு இருப்பதுதான். மின்சாரக் கார், ஏவுகணை, போர் விமானம் என எல்லாவற்றுக்கும் தேவைப்படும் அரிய வகைக் கனிமங்களைச் சுத்திகரிப்பதில் சீனாதான் முதலாளி. 2025 ஏப்ரலில் டிரம்ப் வரியை ஏற்றியதும், 7 அரிய கனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டது. அக்டோபர் 9 அன்று அதை இன்னும் இறுக்கியது. அக்டோபர் 30 அன்று தென்கொரியாவின் பூசானில் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்து ஓராண்டு சமாதானத்துக்கு வந்தார்கள்.

இன்னொரு விஷயம், சீனாவுக்கு ரஷ்ய எண்ணெயின் ஒரு பகுதி தரைவழிக் குழாயில் வருகிறது. குழாய்க்கு லண்டன் இன்சூரன்ஸ் தேவையில்லை.

சலுகை சீனாவுக்கு மட்டுமில்லை. நேட்டோ உறுப்பினரான ஹங்கேரியும் ரஷ்ய எண்ணெயை நம்பியிருக்கும் நாடுதான். 2025 நவம்பர் 7 அன்று அப்போதைய பிரதமர் விக்டர் ஓர்பன் வெள்ளை மாளிகைக்குப் போய் ஓராண்டு விலக்கு வாங்கிக்கொண்டு வந்தார். அமெரிக்காவே தன் அணு உலைகளுக்கு ரஷ்ய யுரேனியம் வாங்கிக்கொண்டு இருக்கிறது. உங்களுக்கு உள்ள உரிமை இந்தியாவுக்கு ஏன் இல்லை என்று புடின் கேட்டது இதை வைத்துத்தான்.

அக்டோபர் 22: உண்மையான பூட்டு

வரியைவிடப் பெரிய அடி இதுதான். ரஷ்யாவின் இரண்டு பெரிய எண்ணெய் நிறுவனங்களான ரோஸ்நெஃப்ட், லூக்ஆயில் மீது அக்டோபர் 22 அன்று அமெரிக்கா தடை விதித்தது. ரஷ்யாவின் கச்சா எண்ணெய் ஏற்றுமதியில் ஏறக்குறைய பாதி இவர்களுடையது. பழைய ஒப்பந்தங்களை முடித்துக்கொள்ள நவம்பர் 21 வரை அவகாசம்.

இந்த நாட்டு எண்ணெய் தடை என்று அமெரிக்கா சொல்லவில்லை. இந்த இரண்டு கம்பெனியோடு வியாபாரம் செய்கிற எந்த வங்கியும், எந்த நிறுவனமும் டாலர் உலகத்திலிருந்து வெளியே தள்ளப்படலாம் என்றது. அதுவே போதும். அமெரிக்காவுக்கும் பொருள் விற்கும், டாலரில் கடனும் வாங்கும் ரிலையன்ஸ் மாதிரி ஒரு நிறுவனம் அந்த ரிஸ்க்கை எடுக்காது. ஜாம்நகரில் ஏற்றுமதிக்கான ஆலையில் ரஷ்ய எண்ணெய் இறக்குமதியை நவம்பர் 20 முதல் நிறுத்திவிட்டதாக ரிலையன்ஸ் அறிவித்தது. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம் போன்ற அரசு நிறுவனங்கள், தடைப் பட்டியலில் இல்லாத விற்பனையாளர்களிடம் மட்டும் வாங்கும் வழியைப் பிடித்தன.

விதிவிலக்கு நயாரா. குஜராத்தின் வாடினாரில் ஆலை வைத்திருக்கும் இந்த நிறுவனத்தில் ரோஸ்நெஃப்டுக்கு 49.13 சதவீதப் பங்கு. ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் இதன் மீது தடை போட்டதும், மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றம் போன பிறகுதான் சேவை திரும்பக் கிடைத்தது. இந்திய மண்ணில், இந்தியச் சட்டப்படி இயங்கும் ஆலையின் இமெயிலை ஐரோப்பாவின் முடிவு ஒன்று நிறுத்த முடிகிறது. கயிறு எவ்வளவு நீளம் என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் இல்லை.

ஏன் 2022-ல் செய்யாததை 2025-ல் செய்தார்கள்? பதில் விலையில் இருக்கிறது. அக்டோபரில் பிரென்ட் 60 டாலரை ஒட்டி இருந்தது. ஒபெக் கூட்டணி உற்பத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தது. சந்தையில் சரக்கு தாராளம். ரஷ்ய எண்ணெயில் கொஞ்சம் குறைந்தாலும் அமெரிக்க பெட்ரோல் பங்கில் சத்தம் வராது என்ற தைரியம்தான்.

இது புதுக் கதையா?

இல்லை. 1951-ல் ஈரான் பிரதமர் முகமது மொசாடெக், பிரிட்டனின் ஆங்கிலோ-ஈரானியன் நிறுவனத்திடம் இருந்த எண்ணெய் வயல்களை நாட்டுடைமை ஆக்கினார். கிணறு ஈரானுக்கு வந்துவிட்டது. ஆனால் ஈரான் எண்ணெயை ஏற்றிய 'ரோஸ் மேரி' என்ற டேங்கரை 1952-ல் பிரிட்டன் ஏடனுக்குத் திருப்பிப் பிடித்தது. அதைப் பார்த்த மற்ற கப்பல்கள் ஒதுங்கின. வாங்க ஆளில்லாமல் ஈரான் தத்தளித்தது. 1953-ல் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகளின் துணையோடு மொசாடெக் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1954-ல் அமைந்த புதிய கூட்டமைப்பில் அமெரிக்க நிறுவனங்களுக்கு 40 சதவீதப் பங்கு கிடைத்தது.

1960-ல் இந்தியாவுக்கே இது நடந்தது. சோவியத் யூனியன் சந்தை விலையைவிடக் குறைவாகக் கச்சா எண்ணெய் தர முன்வந்தது. எண்ணெய்த் துறை அமைச்சர் கே.டி.மாளவியா வாங்கத் தயார். ஆனால் அன்றைக்கு நாட்டின் முக்கிய சுத்திகரிப்பு ஆலைகள் பர்மா-ஷெல், ஸ்டான்வாக், கால்டெக்ஸ் ஆகிய மேற்கத்திய நிறுவனங்களுடையவை. சோவியத் எண்ணெயைச் சுத்திகரிக்க மாட்டோம் என்று மூன்றும் மறுத்தன.

அதே ஆண்டு கியூபாவிலும் இதே மறுப்பு. ஃபிடல் காஸ்ட்ரோ அந்த ஆலைகளைக் கைப்பற்றினார். பதிலுக்கு அமெரிக்கா கியூபாவின் சர்க்கரை இறக்குமதியை வெட்டியது. எண்ணெய்ச் சண்டைக்குக் கரும்பு விவசாயி விலை கொடுத்தார். 2025-ன் திருப்பூர் ஞாபகம் வருகிறதா?

இந்தியா வேறு வழியில் போனது. மாளவியா சோவியத் பேரத்தைக் காட்டியே மேற்கத்திய நிறுவனங்களிடம் விலையைக் குறைக்க வைத்தார். கூடவே சோவியத் உதவியோடு பிகாரில் பரௌனி, குஜராத்தில் கோயாலி என அரசு ஆலைகள் எழுந்தன. 1970களில் அந்த மேற்கத்திய நிறுவனங்களே நாட்டுடைமை ஆகி, ஹிந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் ஆயின. அன்றைக்குக் கயிறு என்பது சுத்திகரிப்பு ஆலை. அதை இந்தியாவே கட்டிக்கொள்ள முடிந்தது. இன்றைக்குக் கயிறு என்பது டாலர். அதை இந்தியா தனியாகக் கட்டிவிட முடியாது.

அமெரிக்காவுக்கு இதில் என்ன லாபம்?

உக்ரைன் போரை நிறுத்த ரஷ்யாவின் வருமானத்தை அடிக்கணும் என்பது சொல்லப்படும் காரணம். அதில் உண்மை இருக்கிறது. ரஷ்ய பட்ஜெட்டில் எண்ணெய், எரிவாயுவின் பங்கு மிகப் பெரியது. கூடவே இன்னும் இரண்டு காரணங்களைப் பார்க்க வேண்டும்.

* வியாபாரம்: 2018 முதல் உலகிலேயே அதிகம் கச்சா எண்ணெய் எடுக்கும் நாடு அமெரிக்காதான். 1970களின் எண்ணெய் நெருக்கடியில் போட்ட ஏற்றுமதித் தடையை 2015 டிசம்பரில் நீக்கியது. இப்போது அதற்குச் சந்தை வேண்டும். நவம்பர் 17 அன்று, 2026-ம் ஆண்டுக்கு 22 லட்சம் டன் சமையல் எரிவாயுவை அமெரிக்காவிலிருந்து வாங்க இந்திய அரசு நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டன. இது இந்தியாவின் எல்பிஜி இறக்குமதியில் சுமார் 10 சதவீதம்.

* பேரம்: 2025-ல் இந்தியா, அமெரிக்கா வர்த்தகப் பேச்சு விவசாயம், பால் பொருள் விவகாரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அந்த மேஜையில் 25 சதவீத அபராத வரி ஒரு நல்ல துருப்புச்சீட்டாக இருந்தது.

மலிவு எண்ணெய் வந்ததே, பெட்ரோல் விலை ஏன் குறையலை?

நியாயமான கேள்வி. 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைத்த பிறகு, 2025-லும் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய்க்குச் சற்று மேலேயே நின்றது. 2025 ஏப்ரலில் மத்திய அரசு கலால் வரியை 2 ரூபாய் ஏற்றியது. கச்சா எண்ணெய் இறங்கியிருந்ததால் பங்கில் விலை ஏறவில்லை. அதாவது குறைந்திருக்க வேண்டியது வரியாக அரசுக்குப் போனது.

நிறுவனங்கள் தரப்பிலும் ஒரு பதில் உண்டு. 2022-ல் கச்சா எண்ணெய் எகிறியபோது பங்க் விலையை ஏற்றாமல் வைத்திருந்ததால், அந்த நிதியாண்டின் முதல் 6 மாதங்களில் மூன்று அரசு நிறுவனங்களுக்கும் சேர்ந்து 21,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம். பிறகு வந்த லாபத்தில் அதை ஈடுகட்டின. தனியார் ஆலைகளோ ரஷ்ய எண்ணெயை டீசலாக்கி ஐரோப்பாவுக்கே விற்றன. ஆக, தள்ளுபடியின் பெரும்பகுதி ஆலைகளுக்கும் அரசுக்கும் போனது. மக்களுக்குக் கிடைத்த நன்மை, விலை இன்னும் மோசமாகவில்லை என்பது மட்டும்தான்.

மணலி சொல்லும் முன்னெச்சரிக்கை

இந்தியா இப்படி ஒரு நாட்டை விட்டு விலகுவது முதல் முறை இல்லை. வடசென்னை மணலியில் இருக்கும் சிபிசிஎல் ஆலை, 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கியபோதே ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனம் அதில் பங்குதாரர். இன்றும் அதன் துணை நிறுவனத்துக்கு 15.4 சதவீதப் பங்கு இருக்கிறது. மணலிக்கு ஈரான் எண்ணெய் பழக்கமான சரக்கு.

2012-ல் தடை வந்தபோது, யூகோ வங்கி மூலம் 45 சதவீதத் தொகையை ரூபாயில் கட்டி இந்தியா சமாளித்தது. ஆனால் 2018-ல் அணு ஒப்பந்தத்திலிருந்து டிரம்ப் வெளியேறி, 2019 மே மாதம் விலக்குகளையும் முடித்தபோது, இந்தியா ஈரான் எண்ணெயை முழுசாக நிறுத்திவிட்டது. ஐ.நா. விதிக்கும் தடைகளை மட்டுமே ஏற்போம் என்பது இந்தியாவின் நிலைப்பாடு. ஆனால் நடைமுறையில் ஈரானும் வெனிசுவேலாவும் பட்டியலிலிருந்து போயின. அதே எண்ணெயைச் சீனா தள்ளுபடியில் வாங்கிக்கொண்டது.

இனி என்ன நடக்கும்?

ரஷ்ய எண்ணெய் இந்தியாவுக்கு அடியோடு நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தடைப் பட்டியலில் இல்லாத சின்ன நிறுவனங்கள், இடைத்தரகர்கள் வழியாக வரத்து தொடரும்.  கவனிக்க வேண்டியவை மூன்று.

* 2026 ஜனவரி 21 முதல், ரஷ்யக் கச்சா எண்ணெயிலிருந்து தயாரித்த எரிபொருளை ஐரோப்பிய ஒன்றியம் வாங்காது. ஐரோப்பாவுக்கு டீசல் விற்கும் ஆலைகள் எந்த எண்ணெய் எங்கே போனது என்று கணக்குக் காட்ட வேண்டும்.

* இந்தியா, அமெரிக்கா வர்த்தக ஒப்பந்தம். திருப்பூருக்கு 25 சதவீத அபராதம் நீங்குமா என்பது 2025 இறுதியில் இதில்தான் இருந்தது. நீங்கினால் பதிலுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

* உக்ரைன் சமாதானப் பேச்சு. போர் நின்று தடைகள் தளர்ந்தால், 2025-ல் இந்தியாவை வாங்காதே என்றவர்களின் நிறுவனங்களே ரஷ்ய எண்ணெய் வயல்களுக்கு முதல் ஆளாகப் போய் நிற்கவும் வாய்ப்பு உண்டு.

மூன்றிலும் முடிவெடுப்பது வாஷிங்டன், பிரஸ்ஸல்ஸ், மாஸ்கோ. இந்தியா தன் கையில் வைத்திருப்பது ஒன்றுதான்: உலகின் மூன்றாவது பெரிய எண்ணெய் நுகர்வோர் என்ற இடம். 1960-ல் மாளவியா செய்ததுபோல, ஒரு கடைக்காரரைக் காட்டி இன்னொருவரிடம் விலை பேசும் வலிமை அதில் இருக்கிறது. அது செல்ல வேண்டுமானால் எல்லாக் கடைகளும் திறந்திருக்க வேண்டும். ஈரான் கதவு, வெனிசுவேலா கதவு, 2025-ல் ரஷ்யக் கதவு பாதி என்று வரிசையாகச் சாத்தப்பட்டால், மிச்சமிருக்கும் கடைக்காரர்கள் சொல்வதுதான் விலை.